பல வகைப் போர்டுகளுக்கு ஒரே ஆடியோ பிளக்இன்: பைனரிகளைப் பிரித்து வழங்குவது எப்படி?

சேலத்தில் இருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தம்புரா சுருதி ஒன்றும், சிறிய மண்டபத்தின் எதிரொலியைத் தரும் ரிவெர்ப் ஒன்றுமாக இரண்டு எல்வி2 பிளக்இன்களை (ஒலிப் புரோகிராம்களுக்குள் ஏறி ஓடும் துணை நிரல்கள்; எல்வி2 என்பது அவற்றின் ஒரு வடிவம்) அவர் சி++ மொழியில் எழுதி, வீட்டில் உள்ள ராஸ்ப்பெரி பை 5 என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டிலேயே கம்பைல் செய்து (மூலநிரலைப் பிராசசர் ஓட்டும் பைனரியாக மாற்றி), தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டை மைக் செட்காரரின் பை 4-இல் பிளக்இன் திறந்ததும் அதை ஏற்றி ஓட்டும் ஹோஸ்ட் புரோகிராமே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (பிராசசருக்குத் தெரியாத கட்டளை) என்று சொல்லி நின்றுவிடுகிறது. குகைப் பகுதி பஜனைக் குழுவின் பை 3-இல் பிளக்இன் பட்டியலிலேயே தென்படவில்லை. ஏற்காடு நாகலூரில் தேவாலயப் பாடகர் குழு வைத்திருக்கும் பை ஜீரோ டபிள்யூவுக்காக, லேப்டாப்பில் டெபியன் லினக்ஸின் கன்டெய்னர் (தனியாக ஒதுக்கிய சூழல்) வைத்து 32 பிட் பைனரி ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தும் அங்கேயும் அதே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ வருகிறது. இவை தவிர, அவருடைய பை 5-இல் தம்புரா ஓடும்போது எப்போதாவது ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கிறது. லேப்டாப்பில் அது வந்ததே இல்லை. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பைனரி செய்ய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போதுமா என்பது அவர் கேள்வி.

இரண்டும் தேவையில்லை. 64 பிட் ஏஆர்எம்முக்கு (இந்தச் சிறு போர்டுகளில் உள்ள பிராசசர் வகை) ஒன்று, ஏஆர்எம் வி6 மட்டத்தில் 32 பிட்டுக்கு ஒன்று, சாதாரண கம்ப்யூட்டர்களுக்கும் இன்டெல் போர்டுகளுக்கும் ஏஎம்டி64 ஒன்று என மூன்று பைனரிகள் போதும். மற்றவர்களுக்கு மூலநிரலும், ஒரே கட்டளையில் கம்பைல் ஆகும் ஏற்பாடும் கொடுத்தால் சரி. போர்டின் பெயரை வைத்துப் பைனரிகளைப் பிரிக்கவே கூடாது, ஏனென்றால் ஒரு பைனரி ஓடுமா ஓடாதா என்பதைப் போர்டின் பெயர் தீர்மானிப்பதில்லை. இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா, பிராசசருக்குத் தெரிந்த கட்டளைகள் எவை, சி லைப்ரரியின் பதிப்பு என்ன ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. உங்களுக்கு வந்திருக்கும் பழுதுகளும் அந்த மூன்றில் முதல் இரண்டால் வந்தவை. மூன்றாவது இனிமேல் வரும்.

பஜனைக் குழுவின் பை 3-இல் இருந்து தொடங்குவோம். அந்தப் போர்டில் உள்ள கார்டெக்ஸ் ஏ53 பிராசசர் 64 பிட் வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் அவர்கள் கார்டில் ஏற்றியிருப்பது 32 பிட் ராஸ்ப்பெரி பை ஓஎஸ் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 32 பிட் ஹோஸ்ட் புரோகிராம் 64 பிட் பிளக்இன் ஃபைலை நினைவகத்தில் ஏற்ற முடியாது, சில ஹோஸ்ட்கள் அந்தத் தோல்வியைத் திரையில் காட்டாமல் அடுத்த பிளக்இனுக்குப் போய்விடும். அதனால்தான் பட்டியலில் இல்லை. 64 பிட் ராஸ்ப்பெரி பை ஓஎஸ் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2022 பிப்ரவரியில்தான் என்பதால், அதற்கு முன் வாங்கி அமைத்த போர்டுகளில் பெரும்பாலும் 32 பிட்டே இருக்கும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு பொறி உண்டு. இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதுகிற பலரும் யூனேம் கட்டளையைக் கேட்டுப் பிராசசரின் வகையை முடிவு செய்கிறார்கள். 2023 முதல் பை 4-இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) மட்டும் 64 பிட்டாகவே தொடங்குகிறது. யூனேம் சொல்வது கெர்னலைப் பற்றி. பிளக்இன் ஓடப்போவதோ கெர்னலுக்கு மேலே உள்ள 32 பிட் புரோகிராமுக்குள். ஆகவே யூனேமை நம்பி 64 பிட் பைனரியை வைத்தால் அது ஏறாது. கெட்கான்ஃப் கட்டளையிடம் லாங்பிட் மதிப்பைக் கேட்டால் 32 அல்லது 64 என்று நேராகச் சொல்லிவிடும். டெபியன் வழி வந்த ஓஎஸ் என்றால் டிபிகேஜி கட்டளையிடம் ஆர்க்கிடெக்சரைக் கேட்பது இன்னும் தெளிவு.

மைக் செட்காரரின் பை 4-க்கு வந்தது வேறு வியாதி. அங்கே ஓஎஸ்ஸும் பைனரியும் 64 பிட்தான், பிளக்இன் ஏறவும் செய்தது, ஆனால் ஓடத் தொடங்கியதும் நின்றது. காரணம், நீங்கள் கம்பைலருக்குக் கொடுத்த ‘நேட்டிவ்’ என்ற தெரிவு. இந்தப் போர்டின் பிராசசருக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்திக்கொள் என்பது அதன் பொருள். பை 5-இல் இருக்கும் கார்டெக்ஸ் ஏ76 ஏஆர்எம் வி8.2 தலைமுறையைச் சேர்ந்தது. பை 3-இன் ஏ53, பை 4-இன் ஏ72 இரண்டும் வி8.0. பல கோர்கள் தொடும் ஒரு மதிப்பை இடையூறின்றி மாற்றும் அட்டாமிக் வேலைகளுக்கென்று வி8.1-இல் வந்த புதிய கட்டளைகள் ஏ72-க்குத் தெரியாது. ஒரு பொருளை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்று கணக்கு வைக்கும் ஷேர்டு பாயின்டரின் எண்ணிக்கையைக் கூட்டுகிற ஒரு சாதாரண வரிகூட, நேட்டிவ் தெரிவில் அந்தப் புதிய கட்டளையாக மாறிவிடும். பை 4 அந்த இடத்துக்கு வந்தவுடன் விழும்.

அந்தத் தெரிவை எடுத்துவிட்டு ‘ஏஆர்எம் வி8-ஏ’ என்று அடிமட்டத்தைக் குறிப்பிட்டுக் கம்பைல் செய்தால், அதே பைனரி பை 3, பை 4, பை 5, பை ஜீரோ 2 டபிள்யூ, ஆர்கே3588எஸ் சிப் உள்ள ஆரஞ்சு பை 5 போன்ற 64 பிட் போர்டுகள் அத்தனைக்கும் பொருந்தும். வேகம் குறையுமே என்று தயங்க வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு ஃப்ளோட் எண்களைக் கணக்கிடும் நியான் வசதி, 64 பிட் ஏஆர்எம் லினக்ஸில் அடிமட்டத்திலேயே சேர்ந்தது. அதைப் பெற எந்தத் தனித் தெரிவும் வேண்டியதில்லை. ஏ72-ஐ மனத்தில் வைத்துக் கட்டளைகளின் வரிசையை மட்டும் சீர்ப்படுத்தச் சொல்லும் ‘டியூன்’ தெரிவைச் சேர்த்துக்கொள்ளலாம், அது எந்தப் போர்டையும் உடைக்காது. ஒரு தம்புராவுக்கும் ஒரு ரிவெர்புக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கணிப்பு. பின்னாளில் அப்படி ஒரு தேவை வந்தால், அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் இரண்டு விதமாகக் கம்பைல் செய்து ஒரே பைனரிக்குள் வைத்து, ஓடத் தொடங்கும்போது பிராசசரின் திறனைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அதற்காக இரண்டாவது டவுன்லோடு ஒன்றை உருவாக்காதீர்கள்.

நாகலூர் பை ஜீரோவின் சிக்கல்தான் மூன்றிலும் நுட்பமானது. 32 பிட் ஏஆர்எம் பைனரிகளுக்கு ‘ஏஆர்எம்எச்எஃப்’ என்று பெயர், ஆனால் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு மட்டங்கள் இருக்கின்றன. டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் என்பது ஏஆர்எம் வி7 பிராசசரை அடிமட்டமாகக் கொண்டது. ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸின் ஏஆர்எம்எச்எஃப்போ 2012-இல் வந்த முதல் பை போர்டையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏஆர்எம் வி6 மட்டத்தில் கட்டப்பட்டது. பை ஜீரோவிலும் ஜீரோ டபிள்யூவிலும் இருப்பது அந்த முதல் பையின் அதே ஏஆர்எம்1176 பிராசசர். நீங்கள் டெபியன் கன்டெய்னரில் செய்த பைனரி பெயரளவில் பொருந்தினாலும், உள்ளே இருப்பது வி7 கட்டளைகள். பேக்கேஜ் மேனேஜருக்குக்கூட இந்த வேறுபாடு தெரியாது, இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளும்.

அப்படியானால் டெபியன் கன்டெய்னரிலேயே கம்பைலருக்கு ‘வி6’ என்று தெரிவு கொடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. உங்கள் நிரல் வி6-ஆக மாறும், ஆனால் அதோடு இணைகிற தொடக்கத் துண்டுகளும், கம்பைலரின் துணை லைப்ரரியும், ஸ்டாட்டிக்காகச் (பைனரிக்குள்ளேயே) சேர்க்கும் சி++ லைப்ரரியும் டெபியன் ஏற்கெனவே வி7-க்குக் கம்பைல் செய்து வைத்தவை. அவை அப்படியே பைனரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வி6 பைனரியை ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் ஃபைல் சிஸ்டத்துக்குள், அதன் கம்பைலரையே வைத்துச் செய்ய வேண்டும். உங்களிடம் உள்ள பை 5 இதற்குப் போதும். ஏ76 பிராசசர் 32 பிட் புரோகிராம்களையும் ஓட்டக்கூடியது என்பதால், 32 பிட் ஃபைல் சிஸ்டத்தை ஒரு தனி டைரக்டரியில் விரித்து, சிஎச்ரூட் செய்து (அந்த டைரக்டரியையே முழு ஃபைல் சிஸ்டமாகக் காட்டும் கட்டளை) உள்ளே நுழைந்து கம்பைல் செய்யலாம். நுழையும்போது லினக்ஸ்32 கட்டளையின் வழியாக நுழையுங்கள், இல்லையென்றால் கம்பைலை நடத்தும் சிமேக் வெளியே உள்ள 64 பிட் கெர்னலைப் பார்த்துத் தவறான தெரிவுகளை எடுத்துக்கொள்ளும். முடித்தபின் ரீட்எல்ஃப் கட்டளையிடம் பைனரியின் ஏஆர்எம் பண்புகளைக் கேட்டால், சிபியு ஆர்க் என்ற வரியில் வி6 என்று இருக்கிறதா என்பது தெரியும். வி7 என்று இருந்தால் எங்கோ ஒரு துண்டு வெளியில் இருந்து கலந்திருக்கிறது.

பை ஜீரோவுக்குத் தம்புரா போதும், ரிவெர்பை எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்தப் பாடகர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. ஒரே கோர், நியான் கிடையாது. பை 3 வைத்திருப்பவர்களுக்காக நியானோடு கூடிய வி7 பைனரி ஒன்றைத் தனியாகச் செய்யலாமே என்றால், நான் செய்ய மாட்டேன். 32 பிட் நியான் மிகச் சிறிய எண்களை விதிப்படி கையாளாமல் பூஜ்யமாக்கிவிடும் என்பதால், கணக்கில் தளர்வு காட்டலாம் என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய ஜிசிசி கம்பைலர் ஃப்ளோட் கணக்குகளுக்குத் தானாக அதைப் பயன்படுத்துவதில்லை. அவ்வளவு சிரமப்படுவதைவிட, பஜனைக் குழுவின் கார்டில் 64 பிட் ஓஎஸ்ஸை ஏற்றிக் கொடுப்பது எளிது, பயனும் கூடுதல்.

இனி வரப்போகும் பழுது லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி பற்றியது. ஜிலிப்சி தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு எண் இட்டு வைத்திருக்கிறது. புதிய ஓஎஸ்ஸில் கம்பைல் செய்த பைனரி பழைய ஓஎஸ்ஸில் ‘இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை’ என்று மறுத்துவிடும், பழையதில் செய்தது புதியதில் ஓடும். டெபியன் 11-இல் இருப்பது 2.31, 12-இல் 2.36, 13-இல் 2.41. ஆடியோ எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாகவே உறுத்தும், ஏனென்றால் டெசிபலை மாற்றப் பயன்படும் பவ், ஒலி தேய்வதைக் கணக்கிடும் எக்ஸ்ப், லாக் ஆகிய மூன்றுமே 2.29-இல் புதிய பதிப்பு எண் பெற்றவை. பழைய ஓஎஸ்ஸிலேயே நிற்கிற போர்டுகள் நம் ஊரில் ஏராளம், ஓடிக்கொண்டிருக்கும் கார்டை யாரும் தொடுவதில்லை. அதனால் டெபியன் 11 மட்டத்துக் கன்டெய்னரில், 32 பிட்டுக்கு அதே தலைமுறை ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸில் கம்பைல் செய்யுங்கள். சி++ லைப்ரரியை ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிடுங்கள். சேர்த்தபின் எல்வி2-வின் நுழைவு ஃபங்ஷன் தவிர மற்ற எல்லாப் பெயர்களையும் வெளியே தெரியாமல் மறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஹோஸ்ட்டிலோ இன்னொரு பிளக்இனிலோ உள்ள அதே பெயரோடு மோதும். ஏற்காட்டில் சிக்னல் போய்ப்போய் வரும் இடங்களில், பிளக்இன் கேட்கிற நான்கு லைப்ரரிகளை இன்டர்நெட்டில் இருந்து இறக்கிக்கொள்ளச் சொல்வது நடவாத காரியம். பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் ஓட வேண்டும்.

‘டிக்’ சத்தம் பைனரியைப் பிரிப்பதில் வந்த பிழை அல்ல. ஆனால் வேறு பிராசசருக்குக் கொடுக்கும் யாரும் இதைச் சந்திக்காமல் போக முடியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தம்புராவில் ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) கார்டில் இருந்து சாம்பிள்களைப் படித்து வட்ட பஃபரில் (நிறைந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பும் சேமிப்பிடம்) போடுகிறது, ஆடியோ திரெட் அங்கிருந்து எடுக்கிறது. எதுவரை எழுதியாயிற்று என்பதை வாலடைல் என்று குறித்த ஒரு சாதாரண எண்ணில் வைத்திருக்கிறீர்கள். எழுதும் திரெட் முதலில் சாம்பிளை வைக்கிறது, பிறகு எண்ணைக் கூட்டுகிறது. இன்டெல் பிராசசரில் இந்த இரண்டு எழுத்துகளும் மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். ஏஆர்எம்மில் அந்த உறுதி இல்லை: கூட்டிய எண் முதலில் தெரிந்து, சாம்பிள் பிறகு வந்து சேரலாம். ஆடியோ திரெட் அந்த இடைவெளியில் வந்தால், புதிய சாம்பிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுற்றுக்கு முன் இருந்த பழைய சாம்பிளை எடுத்துவிடுகிறது. அந்த ஒரு தாவல்தான் காதில் ‘டிக்’ என்று விழுகிறது. எண்ணை ஸ்டாண்டர்டு அட்டாமிக் ஆக்கி, எழுதும்போது ரிலீஸ், படிக்கும்போது அக்வயர் என்று வரிசையைக் கட்டினால் தீர்ந்துவிடும். லேப்டாப்பில் கியூஎமு (வேறு பிராசசரைப் போல நடிக்கும் புரோகிராம்) வைத்து ஏஆர்எம் பைனரியைச் சோதித்தாலும் இந்தப் பிழை வெளிப்படாது, அடியில் ஓடுவது இன்டெல் பிராசசர் அல்லவா! பை ஜீரோவிலும் வராது, அங்கே இருப்பது ஒரே கோர். பல கோர் உள்ள உண்மையான போர்டில் மணிக்கணக்கில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ரிவெர்பில் இன்னொன்றைக் கவனியுங்கள். பாட்டு நின்றபின் எதிரொலி தேய்ந்து தேய்ந்து, ஃப்ளோட்டில் சாதாரணமாக எழுத முடியாத அளவுக்குச் சிறிய எண்களாகிவிடும். இவற்றை டிநார்மல் என்கிறோம். பல பிராசசர்களுக்கு இவற்றைக் கணக்கிடச் சாதாரண எண்களைவிட அதிக நேரம் பிடிக்கும். பை ஜீரோவின் பழைய ஃப்ளோட் யூனிட்டோ அவற்றைத் தானே கணக்கிடாமல் கெர்னலிடம் ஒப்படைக்கிறது, அதனால் நிசப்தத்தில்தான் போர்டு திணறும். உங்கள் நிரலில் இதைத் தவிர்க்க இன்டெல்லுக்கான ஹெடர் ஃபைல் ஒன்று இருந்தது, ஏஆர்எம்மில் அது கம்பைல் ஆகாததால் அந்த வரிகளை நீக்கியிருக்கிறீர்கள். நீக்கக் கூடாது, மாற்றி எழுத வேண்டும். 64 பிட் ஏஆர்எம்மில் எஃப்பிசிஆர், 32 பிட்டில் எஃப்பிஎஸ்சிஆர் என்ற ரெஜிஸ்டரின் 24-ஆம் பிட்டை ஆடியோ ஃபங்ஷனின் தொடக்கத்தில் இட்டு, முடிவில் பழைய மதிப்பைத் திரும்ப வைத்துவிடுங்கள்; ஹோஸ்ட்டின் திரெட்டை மாற்றிய நிலையில் விட்டுப் போவது முறையல்ல. ரிஸ்க்-வி என்ற இன்னொரு வகைப் பிராசசர்களின் பொதுத் தரத்தில் இப்படி ஒரு பிட்டே கிடையாது, அங்கே மிகச் சிறிய மதிப்புகளை நிரலே பூஜ்யமாக்க வேண்டும்.

சிறு வேறுபாடுகள் இன்னும் சில உண்டு. சார் என்ற வகை இன்டெல் லினக்ஸில் குறியுள்ளது, ஏஆர்எம்மில் குறியற்றது, எனவே 8 பிட் சாம்பிள்களை அதில் வைத்திருந்தால் ஒலி சிதறும். அளவுக்கு மீறிய ஃப்ளோட்டை முழு எண்ணாக மாற்றும்போது ஏஆர்எம் உச்ச மதிப்பில் நிறுத்தும், இன்டெல் ஒரு பெரிய எதிர்ம எண்ணைத் தரும். பை 5-இன் வழக்கமான கெர்னல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது, பழைய பைகளில் அது 4 கேபி. தம்புராவின் சாம்பிள் ஃபைலை எம்மேப் செய்யும் (நேராக நினைவகத்தில் காட்டும்) இடத்தில் 4096 என்று எழுதி வைத்திருந்தால், அந்த எண்ணை ஓஎஸ்ஸிடமே கேட்டுப் பெறுமாறு மாற்றுங்கள்.

பேக்கேஜ் செய்வதற்கு வருவோம். எல்வி2 பிளக்இன் என்பது ஒரு டைரக்டரி. உள்ளே மேனிஃபெஸ்ட் ஃபைலும், போர்ட்டுகளை விவரிக்கும் டெக்ஸ்ட் ஃபைல்களும், சாம்பிள்களும் எல்லாப் பிராசசர்களுக்கும் பொது. பைனரி ஒன்றுதான் மாறுகிறது. ஒரே டைரக்டரியில் பல பிராசசர்களின் பைனரிகளை அடுக்கி வைக்க எல்வி2-வில் முறையான ஏற்பாடு இல்லை. விஎஸ்டி3 என்ற இன்னொரு பிளக்இன் வடிவத்தில் உண்டு: அதன் டைரக்டரிக்குள் ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனி உள் டைரக்டரி வைத்து, அனைத்தையும் ஒரே கட்டாகக் கொடுக்கலாம். கிளாப் என்ற வடிவத்தின் பிளக்இன் லினக்ஸில் ஒற்றை ஃபைல். நீங்கள் எல்வி2-விலேயே நிற்பதால் மூன்று தனிக் கட்டுகள் செய்து, ஃபைல் பெயரிலேயே பதிப்பையும் ஆர்க்கிடெக்சரையும் எழுதுங்கள். 32 பிட் கட்டின் பெயரில் ஏஆர்எம்எச்எஃப் என்று மட்டும் போடாமல் வி6 என்பதையும் சேர்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மைக் செட்காரர்களுக்கு டெப் பேக்கேஜாகக் (டெபியன் வழி ஓஎஸ்களின் இன்ஸ்டால் ஃபைல்) கொடுப்பதையே நான் விரும்புவேன். 32 பிட் ஓஎஸ்ஸில் 64 பிட் பேக்கேஜைப் போட முயன்றால், ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை என்று தெளிவாகச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் மேடை கட்டிய பிறகு, பட்டியலில் காணாமல் போன பிளக்இனைத் தேடிக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டில் பயிற்சி செய்கிறவர்களுக்கு, ஹோம் டைரக்டரியின் எல்வி2 இடத்தில் விரித்துக்கொள்ளும் டார் ஃபைல் போதும்.

ரிஸ்க்-வி போர்டுகளுக்கு இப்போதைக்குப் பைனரி செய்ய வேண்டாம். டெபியன் 13-இல் அந்த ஆர்க்கிடெக்சர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் விஷன்ஃபைவ் 2 போன்ற போர்டுகளில் வெக்டர் கட்டளைகள் இல்லை, அடுத்து வந்த சில சிப்களில் உண்டு. எது அடிமட்டம் என்று நிலைபெறும் வரை மூலநிரலே சரியான விநியோகம். பிளக்இன் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எனவே பைனரி தரும் ஒவ்வொருவருக்கும் அதற்குரிய மூலநிரலும் கிடைக்கும்படி செய்வது உங்கள் கடமையும் ஆகிறது.

முதலில் மைக் செட்காரருக்கு நேட்டிவ் இல்லாத 64 பிட் பைனரியை அனுப்புங்கள்; ஒரு தெரிவை நீக்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். அட்டாமிக் திருத்தத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அவரிடம் இருப்பது நான்கு கோர் போர்டு. வி6 கட்டு அதன் பிறகு வரட்டும். பிளக்இனோடு ஒரு சிறு ஸ்கிரிப்டையும் வையுங்கள்: டிவைஸ் ட்ரீயில் (போர்டின் பாகங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) இருந்து போர்டின் பெயர், லாங்பிட் மதிப்பு, ஜிலிப்சி பதிப்பு, கெர்னலின் பக்க அளவு ஆகிய நான்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதித் தர வேண்டும். ஓடவில்லை என்று நாகலூரில் இருந்து போன் வந்தால், அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு பேசத் தொடங்கலாம்.